அட்சரத்தை ஏழாகப் பிரிக்கத் தெரிந்த மென்பொருள்: ரீப்பர் குறித்து ஒரு மதிப்புரை

புதுச்சேரியிலும் கடலூரிலும் நாட்டியப் பள்ளிகளுக்கான பதிவு இசை பல வீட்டு ஒலிப்பதிவு அறைகளில் உருவாகிறது. சலங்கை பூஜை, ஆண்டு விழா, போட்டி மேடை என்று ஒவ்வொன்றுக்கும் முழுப் பக்கவாத்தியக் குழுவை அழைத்துச் செல்வது ஆசிரியர்களுக்குக் கட்டுப்படியாவதில்லை. எனவே ஆடலுக்கான தாளச் சொற்கட்டான ஜதியும், அதை முடித்துவைக்கும் தீர்மானமும் கணினியில் அமைக்கப்பட்டு, பாடலோடு சேர்த்துப் பதிவாகத் தரப்படுகின்றன. இந்த வேலைக்கு ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர்கள் விலையைப் பார்க்கிறார்கள், கூடவே வரும் வாத்திய ஒலிகளைப் பார்க்கிறார்கள். தாளத்தின் ஓர் எண்ணிக்கையான அட்சரத்தை அந்த மென்பொருள் எத்தனை துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. நம் தாள முறையோடு வேலை செய்கிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஒரு கேள்வியை முன்வைத்தே காக்கோஸ் நிறுவனத்தின் ரீப்பர் என்னும் ஒலிப்பதிவு மென்பொருளை இங்கே மதிப்பிடுகிறேன்.

ஒலியை அல்லாமல், எந்தத் தட்டு எப்போது என்ற குறிப்பை மட்டும் எழுதி வைக்கும் மிடி முறையில், ஒரு தட்டு எப்போது விழ வேண்டும் என்பது டிக் என்னும் சிறு அலகில் குறிக்கப்படுகிறது. மேற்கத்திய இசையின் கால அலகான ஒரு கால் நோட்டில் எத்தனை டிக் என்ற எண்ணைத்தான் பிபிக்யூ என்கிறார்கள். நம் வேலையில் ஒரு கால் நோட்டை ஓர் அட்சரமாக வைத்துக்கொள்வது வழக்கம் என்பதால், ஓர் அட்சரத்துக்குள் எத்தனை இடங்களில் தட்டு விழ முடியும் என்பதை அந்த எண்ணே முடிவு செய்கிறது. புள்ளிக் கோலத்தில் புள்ளி இல்லாத இடத்தில் வளைவு நிற்காததுபோல, டிக் இல்லாத இடத்தில் மிடி தட்டும் நிற்காது. அது பக்கத்துப் புள்ளிக்குத் தள்ளப்படும். அப்படித் தள்ளப்படும் தூரம் காதுக்குத் தெரியுமா, காலுக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

பழைய கருவிகளின் எண்களைப் பார்த்தால் அவற்றின் பின்னால் இருக்கும் இசை எது என்பது புரியும். மிடி கடிகாரத் துடிப்பு ஒரு கால் நோட்டுக்கு 24. 1988இல் வெளிவந்த அக்காய் எம்பிசி 60 கருவியில் 96. இந்த எண்கள் எல்லாம் இரண்டையும் மூன்றையும் மட்டுமே பெருக்கிப் பெறப்பட்டவை. இரண்டும் மூன்றுமாக நடக்கும் இசைக்கு அவை முழுமையாகப் போதும், அந்தக் கருவிகளில் அருமையான தாளங்கள் பிறந்திருக்கின்றன. அட்சரத்தை நான்காகப் பிரிக்கும் சதுஸ்ரமும் மூன்றாகப் பிரிக்கும் திஸ்ரமும் அவற்றில் குறையின்றி உட்காரும். நாமோ கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது என்றும் ஓர் அட்சரத்தைப் பிரிப்பவர்கள். இந்தப் பிரிவைத்தான் நடை என்கிறோம். 24, 48, 96 ஆகிய எண்கள் ஐந்தாலும் வகுபடா, ஏழாலும் வகுபடா, ஒன்பதாலும் வகுபடா.

இது வெறும் கணக்கு அல்ல என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்ல வேண்டும். ஓர் அட்சரத்துக்கு 48 டிக் மட்டுமே உள்ள ஒரு மென்பொருளில் அமைத்த மிஸ்ர நடை ஜதியை லாஸ்பேட்டையில் ஒரு நாட்டிய ஆசிரியைக்குப் போட்டுக் காட்டினேன். நிமிடத்துக்கு 80 அட்சரம் என்ற காலப்பிரமாணம். தட்டுக்கழியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டவர், இரண்டாவது ஆவர்த்தனத்திலேயே, அதாவது இரண்டாவது தாளச் சுற்றிலேயே, நிறுத்தச் சொன்னார். “தகிட சரியா இருக்கு சார், தகதிமியில த-வுக்கு அடுத்த க மட்டும் அவசரப்படுது, பொண்ணுங்க கால் அங்க மாட்டிக்கும்” என்றார். அவர் சொன்ன இடத்தைக் கணக்கிட்டுப் பார்த்தால் அது எழுத்துக்கு எழுத்து உண்மை. 48ஐ ஏழால் வகுத்தால் 6.86 வரும், தகிடதகதிமி என்ற ஏழு எழுத்துகளும் முழு டிக்குகளில் விழ வேண்டும் என்பதால் அவை 0, 7, 14, 21, 27, 34, 41 என்ற இடங்களில் விழுகின்றன. எல்லா இடைவெளிகளும் ஏழு டிக் இருக்க, நான்காவது எழுத்துக்கும் ஐந்தாவது எழுத்துக்கும் இடையில் மட்டும் ஆறு. அந்த வேகத்தில் ஒரு டிக் 15.6 மில்லிசெகண்ட் ஆகையால், மற்ற இடைவெளிகள் 109 மில்லிசெகண்டும் அந்த ஒன்று மட்டும் 94 மில்லிசெகண்டுமாக இருந்தன. ஐந்தாவது எழுத்தான அந்த ‘க’ முன்னதாக வந்து விழுந்ததை ஆடலுக்குத் தாளம் போட்டுப் பழகிய ஒரு நட்டுவாங்கக் காது எந்தக் கருவியின் உதவியுமின்றிப் பிடித்துவிட்டது.

கண்ட நடையிலும் இதே தொல்லை வேறு வடிவில் வரும். 48 டிக்கில் தகதகிட என்ற ஐந்து எழுத்துகளின் இடைவெளிகள் 10, 9, 10, 9, 10 என்று மாறி மாறி அமைவதால், கேட்பவருக்கு ஓர் எழுத்து தடுக்குவதாகத் தோன்றாமல் நடை முழுவதும் தள்ளாடுவதாகத் தோன்றும். 96 டிக்கில் 19, 19, 20, 19, 19 என்று ஒரே ஓர் இடைவெளி மட்டும் சற்று நீளும். அதே வேகத்தில் அது எட்டு மில்லிசெகண்டுக்கும் சற்றுக் குறைவு, பலர் கவனிக்க மாட்டார்கள். 480, 960 ஆகிய எண்களுக்கு வந்துவிட்டால் ஐந்து சரியாக வகுபட்டுவிடுகிறது. ரீப்பர் நிறுவியதும் இயல்பாக இருக்கும் எண் 960. எனவே சதுஸ்ரம், திஸ்ரம், கண்டம் மூன்றுக்கும் அதில் ஒரு அமைப்பையும் தொட வேண்டியதில்லை. மிஸ்ரமும் சங்கீர்ணமும் மட்டும் வெளியே நிற்கின்றன: 960ஐ ஏழால் வகுத்தால் 137.14, ஒன்பதால் வகுத்தால் 106.67.

இந்தப் பின்னம் காதில் விழுமா என்று கேட்டால், தனியாக ஒரு தட்டைப் பொறுத்தவரை விழாது என்பதே நேர்மையான பதில். 80 அட்சர வேகத்தில் 960இன் ஒரு டிக் 0.78 மில்லிசெகண்ட், தட்டு அதில் பாதிக்கு மேல் தள்ளப்படாது. ஆனால் நாம் ஜதியை அமைக்கும் முறையில் வேறோர் ஆபத்து இருக்கிறது. ஒவ்வொரு தட்டையும் அட்சரத்தின் தொடக்கத்திலிருந்து அளந்து வைப்பவர் குறைவு. 137 டிக் நீளத்தில் ஓர் எழுத்தை வைத்து, அதை ஏழு முறை ஒன்றன் பின் ஒன்றாக நகலெடுத்து, பிறகு அந்தத் தொகுதியையே மீண்டும் மீண்டும் ஒட்டிக்கொண்டு போவதுதான் பழக்கம். ஏழு முறை 137 என்பது 959. அட்சரத்துக்கு ஒரு டிக் குறைகிறது. எட்டு அட்சரம் கொண்ட ஆதி தாளத்தில் நான்கு ஆவர்த்தனம் போனால் 32 அட்சரம், 32 டிக், 25 மில்லிசெகண்ட். கோர்வை என்னும் முடிப்புத் தொடர் முடிந்து, தாளச் சுற்றின் தொடக்கமான சமத்துக்கு வரும்போது மிருதங்கத் தட்டு தாளத்துக்கு முன்னால் போய் நிற்கும். கண்ணுக்குத் திரையில் எல்லாம் சரியாகத் தெரியும், காது மட்டும் ஒத்துக்கொள்ளாது. இந்தக் குறையைத் தேடிக் கண்டுபிடிக்க ஆகும் நேரத்தை நினைத்தால், எண்ணையே மாற்றிவிடுவது மேல்.

ரீப்பரை நான் பரிந்துரைப்பதற்கான முதற் காரணம் அந்த எண்ணை நாமே எழுதிக்கொள்ளலாம் என்பதுதான். பிரஃபரன்சஸ் சாளரத்தில் மிடி பகுதிக்குப் போனால், புதிய மிடி ஐட்டங்களுக்கு, அதாவது தட்டுகள் எழுதப்படும் துண்டுகளுக்கு, ஒரு கால் நோட்டுக்கு எத்தனை டிக் என்று கேட்கும் ஒரு சிறு கட்டம் இருக்கிறது. அதில் 960ஐ அழித்துவிட்டு 5040 என்று எழுத வேண்டும். ஒன்று முதல் ஏழு வரையான எண்களைப் பெருக்கினால் வருவது 5040. திஸ்ரத்துக்கு எழுத்துக்கு 1680, சதுஸ்ரத்துக்கு 1260, கண்டத்துக்கு 1008, மிஸ்ரத்துக்கு 720, சங்கீர்ணத்துக்கு 560 என்று ஐந்து நடைகளும் பின்னமின்றி வகுபடும். இரட்டிப்பு வேகமான மேல்காலத்துக்குப் போனாலும், அதற்கும் மேலே இன்னொரு மடங்கு போனாலும், அதாவது அட்சரத்துக்கு 28 எழுத்து மிஸ்ரம், 36 எழுத்து சங்கீர்ணம் என்று போனாலும், முறையே 180, 140 என முழு எண்ணாகவே நிற்கும். ஒரு கீர்த்தனைக்குள் நடை மாறி மாறி வரும் தீர்மானங்களை அமைப்பவருக்கு இதைவிடப் பெரிய நிம்மதி இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: இந்த மாற்றம் அதன் பிறகு உருவாக்கும் ஐட்டங்களுக்கே பொருந்தும், ஏற்கெனவே உள்ளவை தங்கள் பழைய எண்ணோடுதான் இருக்கும். ஆகையால் புதிய பணியைத் தொடங்கும் முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.

எண்ணை மாற்றியதோடு வேலை முடிவதில்லை. திரையில் கோடுகளும் அந்த நடைக்கு ஏற்றபடி விழ வேண்டும். ரீப்பரில் கிரிட் அளவை ஒரு பின்னமாகவே தட்டச்சு செய்யலாம். அந்தப் பின்னம் நான்கு கால் நோட்டு சேர்ந்த முழு நோட்டைக் கொண்டு கணக்கிடப்படுவதால், கண்டத்துக்கு 1/20, மிஸ்ரத்துக்கு 1/28, சங்கீர்ணத்துக்கு 1/36 என்று எழுத வேண்டும். முதன்மைத் திரைக்கும் மிடி எடிட்டருக்கும் ஒரே கிரிட் என்ற தேர்வை இயக்கி வைத்தால், 1/28 என்று எழுதிய கணமே மிடி எடிட்டரில் ஒவ்வோர் அட்சரமும் ஏழு பட்டைகளாகப் பிரிந்து நிற்பதைக் காணலாம். தகிடதகதிமியை அந்தப் பட்டைகளில் வைத்துக்கொண்டே போகலாம். நடை மாறும் இடத்தில் எண்ணை மாற்றினால் கோடுகளும் மாறும். முன்பே வைத்த தட்டுகள் அசையாது.

இன்னொரு வசதி என்னை மிகவும் கவர்ந்தது. ரீப்பர் தன் பணிக் கோப்பை வெறும் எழுத்துக் கோப்பாகவே சேமிக்கிறது. நோட்பேடில் திறந்து படிக்கலாம். ஒவ்வொரு மிடி பகுதியின் தலைப்பிலும் அதன் பிபிக்யூ எண் எழுதப்பட்டிருக்கும். அதன் கீழே ஒரு தட்டுக்கு ஒரு வரி, அது ஓய்வதற்கு ஒரு வரி என்று இறங்கிக்கொண்டே போகும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் முந்தைய நிகழ்விலிருந்து எத்தனை டிக் தள்ளி இது நிகழ்கிறது என்ற எண் இருக்கும். மிஸ்ரத்தில் ஒவ்வொரு தட்டும் எழுத்தின் பாதி நீளம் ஒலிக்கும்படி ஒரு ஜதியை அமைத்துச் சேமித்துவிட்டு அந்தக் கோப்பைத் திறந்தால், ஒலிக்க 360, ஓய 360 என்று வரிகள் ஒரே சீராக இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். எங்காவது 359 என்றோ 361 என்றோ ஓர் எண் தலைகாட்டினால் அந்த இடத்தில் கை தவறியிருக்கிறது என்று பொருள். நேரத் துல்லியத்தை மென்பொருள் சொல்வதை நம்பி ஏற்றுக்கொள்ளாமல் நாமே சரிபார்க்க முடிகிறது என்பது, வேலையில் அக்கறை உள்ளவருக்குச் சாதாரண விஷயமல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் கோட்டின்மேல் தட்டை வைப்பதைப் பற்றி. நுண்ணிய டிக்குகளின் இன்னொரு பயன், கோட்டுக்கு வெளியே விழும் தட்டை அது விழுந்த இடத்திலேயே காப்பாற்றுவது. எனக்கு இதுவே மேலானதாகப் படுகிறது. அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடத்தில் பயின்ற மிருதங்கக் கலைஞர்கள் இங்கே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை மின்னணுத் தாளப் பலகையில் வாசிக்கச் சொல்லி மிடியாகப் பதிவு செய்தால், மிருதங்கத்தின் இடப்பக்கக் கும்கி ஒலி சற்றுத் தயங்கி விழுவதும், தீர்மானத்தின் கடைசி ‘தாம்’ சமத்தில் அழுத்தி உட்காருவதும், சமத்துக்கு அரை அட்சரம் தள்ளித் தொடங்கும் அரையிடத்து எடுப்புக்கு முன் ஒரு சொல் லேசாக முந்துவதும் சில மில்லிசெகண்டுகளுக்குள் நடக்கின்றன. அந்தச் சில மில்லிசெகண்டுகளில்தான் அவர் கை இருக்கிறது. 48 டிக் உள்ள இடத்தில் பதிவு செய்தால் ஒவ்வொரு தட்டும் எட்டு மில்லிசெகண்ட் வரை இங்கும் அங்கும் தள்ளப்பட்டு, அவர் வாசித்தது வேறு, நமக்குக் கிடைப்பது வேறு என்றாகிவிடும். 960இல் அந்தத் தள்ளல் 0.4 மில்லிசெகண்டைத் தாண்டாது, 5040இல் 0.1க்கும் கீழே. வாசித்தவரே கேட்டு, இது என் வாசிப்புத்தான் என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு அது உண்மையாக இருக்கிறது.

அப்படிக் கிடைத்த வாசிப்பைக் குவாண்டைஸ் செய்து கோட்டில் கொண்டுபோய் நிறுத்துவதை நான் பெரும்பாலும் விரும்புவதில்லை. பெண்கள் குழுவாக ஆடும் உருப்படிகளில் மட்டும், எல்லாச் சலங்கைகளும் ஒன்றாக விழ வேண்டும் என்பதால் ஓரளவு தேவைப்படும். ரீப்பரின் குவாண்டைஸ் சாளரத்தில் வலிமையைச் சதவீதமாகக் குறைத்துக்கொள்ள முடிகிறது. 50 சதவீதம் என்று வைத்தால், பத்து மில்லிசெகண்ட் தள்ளி விழுந்த தட்டு ஐந்துக்கு வரும், இரண்டு தள்ளி விழுந்தது ஒன்றுக்கு வரும். வாசிப்பின் சாயல் கெடாமல் பிழை மட்டும் பாதியாகக் குறைகிறது. பெயரளவில் நின்றுவிடாமல் இது சரியாக வேலை செய்ய, அந்த ஐந்தும் ஒன்றும் நிற்பதற்கு டிக்குகள் இருக்க வேண்டும். ஒரே டிக் 15 மில்லிசெகண்ட் அகலம் கொண்ட இடத்தில் இப்படி ஒரு சதவீதக் கணக்குக்கே பொருள் இல்லை.

தட்டு எழுதப்பட்ட இடம் சரியாக இருந்தாலும் ஒலி வெளிவரும் இடம் சரியாக இருக்கும் என்று சொல்லிவிட முடியாது. கணினி ஒலியைத் துண்டு துண்டாகத்தான் தயாரிக்கிறது. அந்தத் துண்டுதான் பஃபர், அதிலுள்ள ஒவ்வோர் ஒலி அளவீடும் ஒரு சாம்பிள். நொடிக்கு 48,000 சாம்பிள், அதாவது 48,000 ஹெர்ட்ஸில், 1024 சாம்பிள் பஃபர் என்றால் ஒரு துண்டு 21 மில்லிசெகண்ட். அந்தத் துண்டுக்குள் எத்தனையாவது சாம்பிளில் தட்டு விழ வேண்டும் என்பதையும் ரீப்பர் வாத்திய ஒலி தரும் பிளக்-இன்னுக்குச் சொல்லி அனுப்புவதால், பஃபர் பெரிதாக இருந்தாலும் எழுதி வைத்த தட்டுகள் இடம் பெயர்வதில்லை. பெரும்பாலும் சிக்கல் வாத்திய ஒலிகளிலிருந்துதான் வருகிறது. தட்டு ஒலியின் முன்னால் சிறிது மௌனம் விட்டு வெட்டப்பட்ட மிருதங்க ஒலித்துணுக்குகளும், ஒலி எழும்பச் சற்று நேரம் எடுக்கும் வயலின் ஒலித்துணுக்குகளும், எவ்வளவு துல்லியமாக எழுதினாலும் பிந்தியே கேட்கும். இதற்கு ரீப்பரில் டிராக்கின் ரூட்டிங் சாளரத்தில் பிளேபேக் ஆஃப்செட் என்று ஒன்று உண்டு. மில்லிசெகண்டிலோ சாம்பிள் எண்ணிக்கையிலோ அந்த டிராக் முழுவதையும் முன்னே இழுக்கலாம், பின்னே தள்ளலாம். எழுதிய தட்டுகள் கோட்டிலேயே இருக்க, ஒலி மட்டும் நகரும்.

இதை அமைக்கும்போது சமத்தில் தட்டுக்கழியையும் மிருதங்கத் ‘தாம்’ஐயும் ஒன்றாக ஒலிக்கவிட்டு, ஆஃப்செட்டை மெதுவாக மாற்றிக்கொண்டே கேட்க வேண்டும். இரண்டு ஒலிகளில் எது முந்தியது என்று சொல்ல ஏறத்தாழ 15 முதல் 20 மில்லிசெகண்ட் இடைவெளி தேவைப்படும் என்பது செவிப்புல ஆய்வுகளில் நன்கு அறியப்பட்ட செய்தி. ஆனால் அதற்கு வெகு முன்பே, ஒன்றிரண்டு மில்லிசெகண்ட் வித்தியாசத்திலேயே, இரண்டு ஒலிகளும் சேர்ந்த நாதம் மாறிவிடுகிறது. சரியான இடத்தில் அது கெட்டியாக, ஒரே அடியாகக் கேட்கும், விலகினால் மெலிந்து போகும். கம்பன் கலையரங்கம் போன்ற பெரிய அரங்கின் ஒலிபெருக்கிகளில் இந்த வித்தியாசம் வீட்டில் கேட்டதைவிட நன்றாகவே தெரியும்.

பதிவு செய்யும் நேரத்துக் கதை வேறு. கலைஞர் தட்டியதும் தன் ஒலியைக் கணினி வழியாகவே கேட்கிறார் என்றால் பஃபர் அளவு அவர் கையை நேரடியாகப் பாதிக்கும். ஒலி பிந்தி வந்தால், அதை ஈடுகட்ட அவர் அறியாமலேயே முன்னதாகத் தட்டத் தொடங்குவார். பிறகு எந்த டிக் எண்ணும் அந்த வாசிப்பைக் காப்பாற்றாது. பதிவின்போது 128 சாம்பிளுக்கு இறக்கிவிட்டால் அந்தத் துண்டு 2.7 மில்லிசெகண்ட் ஆகிவிடும். ஒலிக்கலவையின்போது மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். விண்டோஸ் கணினியில் ஒலியைக் குறைந்த தாமதத்தில் கடத்தும் தரமான ஏசியோ டிரைவர் உள்ள ஒலி இடைமுகம் இல்லாமல் இதைச் செய்ய முயல்வது வீண். பழைய ஐந்து முள் மிடி கேபிளைப் பயன்படுத்துபவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: அதன் வேகம் நொடிக்கு 31,250 பிட் என்பதால் ஒரு தட்டுச் செய்தி கடந்து செல்லவே கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட் ஆகும், ஒரே நேரத்தில் நான்கு தட்டுகள் என்றால் அவை வரிசையில்தான் வரும்.

காலப்பிரமாணம் ஒரே எண்ணில் கட்டுண்டு கிடப்பதில்லை என்பதால் டெம்போ வசதியையும் சொல்லியாக வேண்டும். தில்லானாவின் இறுதியில் வேகம் மெல்ல ஏறுவதை, இரண்டு டெம்போப் புள்ளிகளை வைத்து இடையில் படிப்படியாக மாறும்படி அமைக்க ரீப்பர் இடம் தருகிறது. பாடகர் ஏற்கெனவே பாடிய பதிவின்மேல் தாளத்தை உட்கார வைக்க வேண்டிய நேரத்தில், ஓர் ஆவர்த்தனத்தைத் தேர்ந்தெடுத்து இதுவே ஓர் அளவு என்று சொன்னால் டெம்போவை அதுவே கணக்கிட்டுக்கொள்கிறது. டெம்போ மாறும்போது எந்த ஐட்டம் நீள வேண்டும், எது அசையாமல் நிற்க வேண்டும் என்பதை டைம்பேஸ் அமைப்பில் தனித்தனியே சொல்லிவிடலாம். பாடல் பதிவை நேரத்தோடும் மிடி ஜதியை பீட்டோடும் கட்டிவைப்பது நம் வேலைக்குப் பொருந்தும்.

குறைகளும் இருக்கின்றன, அவை சிறியவை அல்ல. இவ்வளவு நுட்பமாகக் கணக்கு வைக்கும் மென்பொருள், நேரத்தைக் காட்டும் இடத்தில் இயல்பாக ஒரு பீட்டின் நூறில் ஒரு பங்கு வரைதான் காட்டுகிறது. 80 அட்சர வேகத்தில் அது ஏழரை மில்லிசெகண்ட். மிஸ்ரத்தின் இரண்டாவது எழுத்து எங்கே இருக்கிறது என்று பார்த்தால் 14 என்று நிற்கும். அதற்குப் பின்னால் இருக்கும் 720 கண்ணில் படாது. மிடி எடிட்டரில் நேர வடிவத்தை டிக் காட்டும்படி மாற்றிக்கொள்ள வழி இருக்கிறது என்றாலும், அது இருக்கிறது என்று முன்பே தெரிந்தவர்தான் தேடிப் போவார். பிரஃபரன்சஸ் சாளரம் பக்கம் பக்கமாக நீளுகிறது. புதிதாக வருபவர் அதில் திணறிப்போவது உறுதி. வாத்திய ஒலிகள் என்று சொல்லும்படி கூடவே எதுவும் வருவதில்லை, பதிவு செய்த ஒலித்துணுக்குகளை வாசிக்கும் எளிய கருவி ஒன்றும் அடிப்படையான சிந்தசைசர் ஒன்றும் உண்டு. மிருதங்கம், தவில், நட்டுவாங்கத் தாளம் எல்லாவற்றையும் நாமே பதிவு செய்து சேர்க்க வேண்டும், அல்லது விலைக்கு வாங்க வேண்டும். மாணவர் ஒருவர் மடிக்கணினியைத் திறந்து அன்று மாலையே ஒரு பாட்டை முடிக்க விரும்பினால் ரீப்பர் அவருக்கு ஏற்றதல்ல.

விலையைப் பொறுத்தவரை குறை சொல்ல இடமில்லை. 60 நாட்கள் முழு வசதியோடும் சோதித்துப் பார்க்கலாம். தனிநபர்களுக்கும் ஆண்டு வருவாய் 20,000 டாலருக்கு உட்பட்ட சிறு தொழிலுக்கும் உரிமம் 60 டாலர், அதற்கு மேற்பட்டோருக்கு 225 டாலர். இரண்டிலும் வசதிகளில் வேறுபாடு கிடையாது. இதே பணத்தில் அடுத்த பெரிய பதிப்பும் அடங்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்குவதால் பழைய கணினி வைத்திருப்பவரும் ஒதுக்கப்படுவதில்லை.

மற்ற மென்பொருள்களை வைத்திருப்பவர்கள் உடனே மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எஃப்எல் ஸ்டூடியோவில் இயல்பான எண் 96. பணி அமைப்பில் அதை 960 வரை உயர்த்தலாம், கண்ட நடை அமைப்பவர்கள் அதை உடனே செய்துவிட வேண்டும். லாஜிக் 960இல் இயங்குகிறது. சதுஸ்ரமும் திஸ்ரமும் மட்டுமே கையாளும் ஒருவருக்கு, பக்திப் பாடலோ மெல்லிசையோ அமைப்பவருக்கு, இவற்றில் எதுவும் போதும். ரீப்பரின் 5040 அவருக்கு எந்தப் பயனும் தராது. எண்ணை மாற்ற முடியாத மென்பொருளில் மிஸ்ரம் தேவைப்பட்டால் ஒரு வழி உண்டு. டெம்போவை ஏழுக்கு நான்கு என்ற விகிதத்தில் உயர்த்திவிட்டு, ஒவ்வோர் எழுத்தையும் கால் நோட்டில் நான்கில் ஒரு பங்கான பதினாறாம் நோட்டாக எழுத வேண்டும். 80 அட்சரத்துக்கு 140 என்று வைத்தால், 140இன் நான்கு பங்கும் 80இன் ஏழு பங்கும் நிமிடத்துக்கு 560 எழுத்துகளாக ஒத்துப்போகும், ஒரு பின்னமும் வராது. கண்டத்துக்கு அதேபோல் 100. ஜதி மட்டும் தனியே ஒலிக்கும் பகுதிக்கு இது பிரமாதமாகப் பொருந்தும். சதுஸ்ரத்தில் பாட்டு ஓட மிருதங்கம் மட்டும் மிஸ்ரத்தில் போகும் இடத்தில் இந்த வழி கைகொடுக்காது, பாட்டின் எழுத்துகள் அப்போது பின்னத்தில் மாட்டிக்கொள்ளும்.

ரீப்பரில் 5040இல் அமைத்ததை வேறோர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அனுப்புபவர்கள், மிடி கோப்பாக மட்டும் அனுப்பி நிறுத்திவிடக் கூடாது. பெறும் மென்பொருள் எதுவோ அது தன்னுடைய டிக் எண்ணுக்கு எல்லாத் தட்டுகளையும் மாற்றிக்கொள்ளும். 960க்குப் போனால் மிஸ்ரம் மறுபடியும் பின்னமாகும், 96க்குப் போனால் கண்டமும் சேர்ந்து கெடும். ஒவ்வொரு வாத்தியத்தையும் பணியின் தொடக்கப் புள்ளியிலிருந்தே தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து அனுப்புவதே பாதுகாப்பு. 48,000 ஹெர்ட்ஸில் ஒரு சாம்பிளின் அகலம் 0.02 மில்லிசெகண்ட், அங்கே போன பிறகு எந்தத் தட்டும் யாருடைய கோட்டுக்கும் தள்ளப்படாது.